நீலம் வராத வீடு

இரும்புலியூரில் ஞானஜோதியின் வீட்டுக்குள் அவள் கணவர் தனசிங் இருந்தால் காப்பர் ஆக்சைடு வினிகரில் கரையாது. 2004-இல் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது, தண்ணீர் லாரி வராத கிழமையைப் போல.

ஞானஜோதி வேதியியல் ஆசிரியை. மாலையில் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சமையலறையில் டியூஷன். கறுப்புத் தூளை வினிகரில் இட்டுச் சூடாக்கினால் நீலமாக வேண்டும். ஆகவில்லை. வினிகரை மாற்றினாள். போர் தண்ணீரைச் சந்தேகித்துக் கேன் தண்ணீர் வாங்கினாள். தூளையே வேறு கடையில் வாங்கினாள். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று கற்றுக்கொடுப்பவள், கூடத்தில் பேப்பர் படிக்கிற மனிதரைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் பால் வாங்கப் போன ஒருநாள், தெருமுனை திரும்புவதற்குள் குவளை நீலமாகிவிட்டது.

அவளைக் கேட்காமல் அவர் வி.ஆர்.எஸ். வாங்கிய வருடத்திலிருந்து, கரண்ட் பில்லும் காஸ் சிலிண்டரும் தவிர இருவருக்கும் பேச்சில்லை. இப்போது கறுப்புத் தூளே தன் பக்கம் சாட்சி சொல்கிறது என்று அவளுக்குள் சின்ன மகிழ்ச்சி. அதை வெளியே எடுத்துப் பார்க்க வெட்கப்பட்டு, டியூஷன் நேரத்தில் அவரைத் தினமும் கடைக்கு அனுப்பினாள்.

“எதுக்கு ஜோதி துரத்திட்டே இருக்க? ஃப்ரிட்ஜ் பூரா கொத்தமல்லி.”

அவர் இருந்தால் தூள் கரைவதில்லை என்று சொன்னாள். தன் குரலில் தீர்ப்பு இருந்தது அவளுக்கே கேட்டது.

“சரி, நீ வெளிய போ. நான் தனியா கலக்கிப் பாக்கறேன்.”

ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தாள். நீலம் வந்தது. அவர் மட்டும் இருந்தாலும் வருகிறது, அவள் மட்டும் இருந்தாலும் வருகிறது. இருவரும் சேர்ந்திருந்தால்தான் இல்லை. அவளுடைய சாட்சி அங்கேயே இல்லாமல் போயிற்று.

“வேலைய விடறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்கலாம்ல,” என்றாள், ஜன்னல் கம்பியிடம் சொல்வதுபோல.

“கேட்டா வேணாம்னிருப்ப.”

“ஆமா.”

“நானும் விட்டிருக்க மாட்டேன். அங்கயே காய்ஞ்சு போயிருப்பேன்.”

இத்தனை வருடங்களில் அவர் இவ்வளவு பேசியதில்லை. அவள் உடனே உள்ளே போகவில்லை.

அதன்பின் டியூஷன் நேரத்தில் தனசிங் ஜன்னலுக்கு வெளியே நின்றார். “என்ன கலரு?” என்பார். “இன்னும் கறுப்புதாங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்பாள். எதிர்வீட்டுப் புஷ்பம் மாடியிலிருந்து, “அண்ணா, மழை வருது, குடையோட நில்லுங்க. புள்ளைங்களுக்கு நீலம் வரணும்ல,” என்பாள்.

நாளடைவில் இருவரும் நன்றாகவே பேசிக்கொண்டார்கள், சண்டைகூடப் போட்டார்கள். ஆனாலும் இருவரும் உள்ளே இருந்தால் தூள் கரையவில்லை. 2009-இல் ஞானஜோதி ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரை இறக்கி, அவருக்கு ஒரு நாற்காலியும் போட்டாள்.