நிமிர்த்தி வைத்த பாட்டில்

நிலவறையில் மற்ற பாட்டில்கள் எல்லாம் படுத்துக் கிடக்க, ஒன்று மட்டும் பதினோரு மாதமாக நின்றுகொண்டிருந்தது. கசில்தா தன் கையால் நிமிர்த்தி வைத்தது அது.

பழைய ஒயினைத் திறக்க இரண்டு நாள் இருக்கும்போது பாட்டிலை நிமிர்த்தி வைப்பார்கள். பக்கவாட்டில் படிந்த மண்டி அப்போதுதான் அடியில் இறங்கும். ஸ்பெயினில் எப்ரோ ஆற்றங்கரையின் அந்த ஊரில், நிற்கிற பாட்டிலைப் பார்த்தால் இரண்டு நாளில் வீட்டில் ஏதோ விசேஷம் என்று அர்த்தம். கசில்தா ஒரு வியாழக்கிழமை அதை நிமிர்த்தினாள். வெள்ளிக்கிழமை காலை அடுப்பங்கரையில் சரிந்தாள், மறுபடி எழவில்லை.

என்ன விசேஷம் என்பதுதான் அவள் கணவர் பிளாசிதோவுக்குப் பிடிபடவில்லை. அது மார்ச் மாதம். கல்யாண நாள் அக்டோபரில். பில்பாவோவிலிருந்து மகளும் வருவதாக இல்லை. அதுவோ கசில்தாவின் அப்பா 1970-இல் போட்ட ஒயின். ஆறு வருஷம் ஓக் பீப்பாயில் கிடந்து பாட்டிலுக்கு வந்தது. அந்த வருஷத்து ஒயினில் மிஞ்சியது அது ஒன்றுதான். நின்றபடியே இருந்தால் தக்கை காய்ந்து, காற்று புகுந்து ஒயின் கெட்டுவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் படுக்கவைத்தால் அவள் எதையும் நினைக்கவே இல்லை என்று ஆகிவிடும். தினமும் கீழே இறங்குவார், பார்ப்பார், ஏறி வந்துவிடுவார்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை ஹெர்வாசியோ வந்தான். சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. சனிக்கிழமை நண்பர்கள் சாப்பாட்டுக்கு நாலு பாட்டில் எடுக்கக் கீழே போனவன், ஏறி வந்து அவற்றை மேசைமேல் வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"டேய், உனக்கு மறதி முத்திப்போச்சு. எழுபதாம் வருஷத்து பாட்டிலப் போய் நட்டுக்க நிக்க வெச்சிருக்கியே! இன்னும் கொஞ்ச நாள் போனா வினிகராப் புளிச்சு சாலட்டுக்குத்தான் ஊத்தணும். நல்லவேளை, என் கண்ணுல பட்டுச்சு. படுக்க வெச்சிட்டேன்."

சூப் கரண்டி பிளாசிதோவின் வாய்க்குப் போகாமல் நின்றது.

"யாரக் கேட்டுடா தொட்ட?"

"இதுக்கு யாரக் கேக்கணும்? தெருவுல குழந்த விழுந்து கெடந்தா, கேட்டுட்டா தூக்குவ?"

"வெளிய போ."

"என்னடா ஆச்சு உனக்கு?"

"போடான்னா போ."

ஹெர்வாசியோ பாட்டில்களை மேசைமேலேயே விட்டுவிட்டுப் போனான். அவன்மேல் தப்பில்லை. அந்த ஊரில் யார் பார்த்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பிளாசிதோ கீழே இறங்கினார். பாட்டில் தன் பழைய குழியில் படுத்திருந்தது. அது நின்ற இடத்தில், தூசிக்கு நடுவே, ஒரு வட்டம் மட்டும் சுத்தமாக இருந்தது. பதினோரு மாதம் இறங்கிய மண்டி இந்நேரம் கலங்கியிருக்கும். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை கறிக்கடைக்குப் போனபோது கடைக்காரி எமெதேரியா விஷயத்தை ஆரம்பித்தாள். "என்னண்ணே, ஹெர்வாசியோ அண்ணன் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்தாரு. ஒரு பாட்டிலுக்கா சண்ட?"

"அது கசில்தா நிமித்தி வெச்ச பாட்டில்." இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எமெதேரியா கத்தியைக் கீழே வைத்தாள். "அந்தச் சனிக்கிழமைக்கா? அக்கா எங்கிட்ட பன்னெண்டு துண்டு விலாக்கறி சொல்லியிருந்தாங்களே. யாரு வர்றாங்கன்னு கேட்டேன். யாரும் இல்ல, நாங்க ரெண்டு பேருதான்னாங்க. அப்புறம் என்ன விசேஷம்னேன். வெயில் அடிக்குதுன்னாங்க."

"வெயிலா?"

"ஆமா. வேற ஒண்ணும் சொன்னாங்க. நீங்க எதுக்கெடுத்தாலும் 'இதுக்குப் போயா அதத் தெறக்கணும்'னு சொல்லிச் சொல்லியே வயசாயிடுச்சாம்."

கடையில் தொங்கிய தொத்திறைச்சிகளைப் பிளாசிதோ பார்த்துக்கொண்டு நின்றார். "ஏம்மா இத்தன நாளு சொல்லல?"

"போனவங்க வாங்காத கறியப் பத்தி எப்படிண்ணே வாயத் தொறக்குறது?"

"சனிக்கிழமைக்குப் பன்னெண்டு துண்டு எடுத்து வை."

யார் வருகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் பாட்டிலை அதே வட்டத்தில் நிமிர்த்தி வைத்தார்.

சனிக்கிழமை மதியம் ஊரே மூடுபனியில் கிடந்தது. முற்றத்தில் திராட்சைச் சுள்ளிகளைக் கொளுத்தி, தணலாகும்வரை காத்திருந்து, உப்பை மட்டும் தூவிக் கறியைப் போட்டார். தக்கை பாதியில் முறிந்தது. மிச்சத்தைக் கத்தி முனையால் துளித்துளியாக எடுத்தார். பழைய ஒயின் என்றால் முதல் மடக்கை அவர் குடிப்பதும், அடுப்பைப் பார்த்தபடியே அவள் "உயிரோட இருக்கா?" என்று கேட்பதும்தான் வழக்கம்.

குடித்தார். முதலில் பூட்டிக்கிடந்த அறையின் வாசனை. பிறகு உலர்ந்த செர்ரி, ஆரஞ்சுத் தோல், பழைய தோல்பை. கறியின் கொழுப்பும் உப்பும் நாக்கில் பட்டதும் அது இன்னும் இளகி, இனித்தது.

"இருக்கு" என்றார். குரல் கரகரத்தது. அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.

அவ்வளவு பழைய ஒயின் திறந்தபின் நமக்காகக் காத்திருக்காது. அரைமணி நேரம் இருந்தால் பெரிது. இரண்டாவது கோப்பையின்போது பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். நாலு வீடு தள்ளி ஹெர்வாசியோ வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. போனால் என்ன விசேஷம் என்று கேட்பான். வெயில் அடிக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். மூடுபனியில் எதிர்வீடுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

மூன்றாவது கோப்பையில் அது போய்விட்டிருந்தது. நிறம் இருந்தது, மற்றபடி புளிப்பும் தண்ணீரும்தான். இரண்டு பேராக இருந்திருந்தால் அது போவதற்குள் முடித்திருக்கலாம். இருந்தாலும் மெதுவாகச் சாய்த்து ஊற்றினார். எப்போதும் அவர் அதிகமாகச் சாய்த்துவிடுவார்; "போதும், போதும்" என்று கசில்தா கையைப் பிடிப்பாள். அன்று மண்டி கழுத்துக்கு வருவதற்குள் அவர் தானாகவே நிறுத்திக்கொண்டார்.

ஏழு துண்டு கறி ஆறிக்கிடந்தது. அடியில் தங்கிய மண்டியை ஒரு கோப்பையில் வடித்து, தட்டால் மூடி, அடுப்புப் பக்கத்தில் வைத்தார். அதை அவள் மறுநாள் குழம்பில் ஊற்றுவாள். எப்போது ஊற்றுவாள், கொதிக்கும் முன்பா பின்பா என்று அவர் கேட்டுவைத்ததே இல்லை.