அமைச்சர் பாதியில் விட்ட வாக்கியம்

1

இந்தக் கதை ஒரு நாற்காலியிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. செய்தித்தாளில் ஒரு படம் பார்த்தேன். இரண்டு அமைச்சர்கள் கைகுலுக்குகிறார்கள். உலகத்தின் அமைதிக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பான பெரிய சபையில் ஓர் இடத்துக்கு ஒரு நாடு போட்டியிடுகிறதாம். இன்னொரு நாடு ஆதரவு தருகிறதாம். இருவருக்கும் நடுவே, சற்றுப் பின்னால், ஒரு நாற்காலியும் அதில் பாதி ஆளும். முகத்தைக் குலுக்கும் கைகள் மறைத்துவிட்டன. மடியில் கோத்த விரல்கள் மட்டும் தெரிந்தன. மொழிபெயர்ப்பாளராக இருக்க வேண்டும். அந்த விரல்கள் ஏன் அப்படி இறுகியிருந்தன என்று யோசிக்கப்போய் மாட்டிக்கொண்டேன். மற்றதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "அன்று தலைநகரமெங்கும் கொடிகள் பறந்து..." [அடித்துவிட்டேன். எழுதும்போதே கொட்டாவி வந்தது.]

அடுத்தது: "சிறிய நாடுகளின் பெரிய ஆசைகளை வரலாறு எப்போதும்..." [இது கட்டுரை. என் வீட்டிலேயே படிக்கமாட்டார்கள்.]

இன்னொன்று: "அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தான்."

இது நிற்கட்டும்.

3

அக்காதான் அந்த நாற்காலியில் இருப்பவள். வெளியுறவு அமைச்சகத்தில் மொழிபெயர்ப்பாளர். தம்பி ராணுவத்தில் சேர்ந்து, அமைதிப்படையோடு எங்கோ ஒரு தூரதேசத்துக்குப் போனான். அங்கே அவன் இருந்த காவல்சாவடியை ஒரு கும்பல் தாக்கியது. பக்கத்தில் வேறொரு நாட்டுப் படையின் முகாம். தம்பி வயர்லெஸ்ஸில் அவர்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டானாம். யாரும் வரவில்லை.

துக்கம் கேட்க வெளியுறவு அமைச்சரே வீட்டுக்கு வந்தார். அக்கா அன்று வெளியூர் மாநாடு ஒன்றில் வேலையாக இருந்தாள்; அது தன் மொழிபெயர்ப்பாளரின் வீடு என்று அவருக்குத் தெரியாது. அம்மா இழப்பீடு கேட்கவில்லை, யாரையும் தண்டிக்கவும் சொல்லவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அவன் கூப்பிட்டது அவங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலையா? அதை மட்டும் தெரிஞ்சு சொல்லுங்கய்யா."

அமைச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாக்குக் கொடுத்தார். சொன்னபடியே சர்வதேச விசாரணையும் கோரினார். அந்த நம்பிக்கையில்தான் அம்மா சாப்பிட்டாள், தூங்கினாள்.

4

ஓட்டுக் கேட்பது எங்கேயும் ஒரே கதைதான். உள்ளூரில் வாசலில் நின்று கும்பிடுவார்கள், அங்கே தேநீர் விருந்தில் கைகுலுக்குவார்கள். ரகசிய வாக்கெடுப்பு என்பதால் எல்லா நாடும் எல்லா நாட்டுக்கும் தலையாட்டிவைக்கும். ஆட்டிய தலையெல்லாம் ஓட்டாக விழுந்தால் தோற்கும் நாடே இருக்காது.

எங்கள் நாடு [என் நாடு அல்ல, கதையின் நாடு, எழுத எழுத ஒட்டிக்கொண்டுவிட்டது] அந்தப் பெரிய சபையில் ஓர் இடத்துக்கான பிரசாரத்துக்கு வழவழவென்று ஒரு புத்தகம் அச்சிட்டது. அட்டையில் தம்பி. நீலத் தொப்பி போட்டு, பெயர் தெரியாத ஒரு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு சிரிக்கிறான். அம்மா அதில் ஒன்றைக் கேட்டு வாங்கித் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் நிறுத்திவைத்தாள்.

5

இந்தப் பகுதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனி வழியில்லை.

வராத அந்தப் படையின் நாட்டிலிருந்து அவர்களுடைய அமைச்சர் வந்தார். அந்த மொழி தெரிந்தவர் என்று பார்த்து அக்காவைப் போட்டார்கள்.*

[* அவள் யார் என்று அலுவலகத்தில் ஒருவருக்குமா தெரியாது என்று கேட்பீர்கள். தெரிந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் மொழியைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. மாட்டேன் என்று அவளே சொல்லியிருக்கலாமே என்று எனக்கும் அவள்மேல் ஒரு சந்தேகம் வந்தது. அந்த நாட்டுக்காரர் வாயிலிருந்தே ஏதாவது தெரியவரும் என்ற நப்பாசை. வேறென்ன?]

மேசைமேல் அந்தப் புத்தகம் கிடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் அதைப் புரட்டினார். விசாரணை என்று தங்கள் வீரர்களை அவமானப்படுத்திவிட்டுத் தங்களிடமே ஓட்டுக் கேட்பது எப்படிப் பொருந்தும் என்று சிரித்த முகத்தோடு கேட்டார். அக்கா அதை அப்படியே சொன்னாள்.

எங்கள் அமைச்சரை முதலில் வில்லனாக எழுதியிருந்தேன். ஆளுக்கு அது பொருந்தவில்லை. சபைக்குள் போய்விட்டால் இப்படிப்பட்ட சாவுகள் இனி நடக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்று உண்மையாகவே நம்பியவர் அவர். அதனால்தான் தடுமாறினார்.

"அந்த விசாரணைய நாங்க இனிமே..." என்றவர் நிறுத்தினார். தண்ணீரை எடுத்துக் குடித்தார். குடித்துக்கொண்டே இருந்தார்.

மொழிபெயர்ப்பாளரும் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். அதுதான் தொழிலின் விதி. ஆனால் இந்த அமைச்சருக்குப் பாதி சொல்லி நிறுத்துவது வழக்கம். மீதியை இட்டு நிரப்புவதில் அக்கா கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள். வந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். மனசு குறுக்கே வருவதற்குள் வாய் பழக்கத்தில் முடித்துவிட்டது. 'வலியுறுத்தப்போவதில்லை' என்று அவருடைய மொழியில் சொல்லிவிட்டாள்.

வந்தவரின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு அமைச்சர் தலையசைத்தார். விசாரணை அத்தோடு செத்தது. அந்த வார்த்தையை அந்த அறையில் முதலில் சொன்னது, அமைச்சரல்ல, தம்பியின் அக்கா.

வந்தவருக்குப் பெரிய பாரம் இறங்கியிருக்க வேண்டும். தேநீரைக் கலக்கியபடி வேறொன்றும் சொன்னார். பேசுபவர் 'நாங்கள்' என்றால் மொழிபெயர்ப்பாளரும் 'நாங்கள்' என்றே சொல்ல வேண்டும். அக்கா சொன்னாள்:

"அன்னிக்கு அவங்க கூப்பிட்டது எங்களுக்கு நல்லாத்தான் கேட்டுச்சு. மேலிடத்துலேருந்து உத்தரவு வரல. அதான் நாங்க போகல."

அமைச்சர் எதுவும் கேட்கவில்லை. எழுந்து கைகுலுக்கினார்கள். படம் எடுத்தார்கள். கிளம்பும்போது அமைச்சர் அக்காவிடம் தாழ்ந்த குரலில், "நல்லவேளை, நீங்க முடிச்சு வச்சீங்க" என்றார்.

6

வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன். ஒரு பிரதியில் அக்கா புத்தகத்தைத் தூக்கி அவர்கள் முகத்தில் எறிந்தாள். சினிமா. இன்னொன்றில் வாக்கியத்தை மாற்றி முடித்தாள்: 'கடைசிவரை விடப்போவதில்லை.' எழுதியபோது எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஒரு டம்ளர் காப்பிகூடக் குடித்தேன். திரும்பிப் படித்தபோது அது அவள் இல்லை, என் ஆத்திரம் என்று தெரிந்தது. அவள் எப்போதும் வேலையைச் சரியாகச் செய்கிறவள். இந்தக் கதையில் எனக்கு ஆறவே ஆறாதது அதுதான்.

7

வாக்கெடுப்பு நாள். தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. நாடு ஜெயித்துவிட்டது. பக்கத்து வீட்டில் கைதட்டுகிறார்கள். அறைக்குள் கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்த அக்கா, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவின் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு.

"ஜெயிச்சுட்டோம் இல்லடி? இனிமே நம்ம ஆளே அந்தச் சபையில உக்காந்திருப்பாரு. நம்ம பையன் கூப்பிட்டது கேட்டுச்சா இல்லையான்னு அவங்கள நேருக்கு நேரா கேட்டுடலாம்."

"அம்மா, அது வந்து..." என்கிறாள் அக்கா.

இதற்கு மேலும் எழுதினேன். உண்மையைச் சொல்லவைத்தேன். அம்மா அழவில்லை. "விசாரணை வேணாம்னு யாருடி சொன்னது?" என்று மட்டும் கேட்டாள். அந்த இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை, கிழித்துப்போட்டேன். பொய் சொல்லவைத்தேன். அம்மா உடனே நம்பிவிட்டாள், எழுந்து போய்த் தம்பியின் படத்தைத் துடைத்துவைத்தாள். அது அதைவிடக் கொடுமையாக இருந்தது. அதையும் கிழித்தேன்.

இப்போது அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அக்காவுக்கு வார்த்தை வரவில்லை, எனக்கும் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும், அம்மாவுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.