கார் இறங்கும் சரிவு

பீட்டர்ராஜ் வீட்டு முற்றத்துக் கான்கிரீட்டை ஒரே வருஷத்தில் இரண்டாவது முறையாக உடைத்தார்கள். ரோடு போட வருகிறவர்கள் பழையதைச் சுரண்டாமல் மேலேயே புதுசை அப்பிவிட்டுப் போவார்கள். ரோடு ஏற ஏற வீடு பள்ளமாகிப்போனது. முதல் தடவை ரோட்டிலிருந்து முற்றத்துக்கு ஒரு சரிவு போட்டுக்கொடுத்த கொத்தனார் ஒச்சாண்டி, குமுளிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற மச்சானின் ஜீப்பைக் கொண்டுவந்து ஏற்றி இறக்கிக் காட்டினார்.

"ஜீப்பே இறங்கிருச்சு, காரு இறங்காதா சார்?"

இறங்கவில்லை. ஈஸ்டருக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த மகன் இமானுவேலின் புதுக் காருக்கு அடிவயிறு ரோட்டு விளிம்பில் உரசியது. அவன் காரை ரோட்டிலேயே நிறுத்தினான். சாப்பிடும்போது இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்த்தான். ராத்திரி பூரா வெளியே போட முடியாது என்று சொல்லி, சாயங்காலமே கிளம்பிவிட்டான். மூன்று வருஷமாக ஒரு ராத்திரிகூட அவன் இந்த வீட்டில் படுக்கவில்லை.

காரணம் சரிவுதான் என்று பீட்டர்ராஜ் பிடித்துக்கொண்டார். மனிதருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், நோட்டை வைத்துக்கொண்டு சரிவுக்குக் கோணம் பார்த்தார். சரிவு மெல்லச் சாய்ந்து இறங்க வேண்டுமென்றால் முற்றம் முழுக்க நீள வேண்டும். எலுமிச்சை மரம் போனது. துவைக்கிற கல் கொல்லைக்குப் போனது.

"அவென் சரிவுக்குப் பயந்தா போனான்னு நெனைக்கிறீக?" என்று கேட்டாள் அவர் மனைவி இன்னாசியம்மாள்.

கான்கிரீட் போட்டு முடித்ததும் சாக்கு விரித்து, பதினாலு நாள் மூன்று வேளையும் பீட்டர்ராஜே தண்ணீர் ஊற்றினார். அறுபத்தெட்டு வயசு முட்டி ஒவ்வொரு குடத்துக்கும் முனகியது. நாயை விரட்டினார். பால்காரரைச் சுற்றிப் போகச் சொன்னார். இந்தத் தடவை ஜீப்பை நம்பவில்லை. கம்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் விஜய்ராஜிடம் அதே மாடல் கார் இருப்பதைத் தெரிந்துகொண்டு, கெஞ்சிக் கூட்டிவந்து இறக்கிப் பார்த்தார். எங்கேயும் உரசவில்லை. அன்றைக்கே உள்ளறைக் கட்டிலைத் தூசி தட்டி, புது விரிப்பும் போட்டுவைத்தார்.

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து வீடு திரும்பிய கொஞ்ச நேரத்தில் இமானுவேல் வந்தான். ரோட்டில் காரை நிறுத்திச் சரிவைப் பார்த்தான். பிறகு காரைத் திருப்பி, பின்பக்கமாகவே மெதுவாக இறக்கினான். பீட்டர்ராஜ் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, காருக்கு அடியிலேயே கண்ணை வைத்திருந்தார். ஒரு கீறல் சத்தம்கூட இல்லை. சந்தோஷமாக நிமிர்ந்தார்.

கார் ரோட்டைப் பார்த்தபடி நின்றது.

"நல்லாப் போட்டிருக்கீகப்பா" என்றபடி இறங்கினான் இமானுவேல். "இப்பவே திருப்பி வச்சுட்டேன். சாயங்காலம் கெளம்பும்போது ரிவர்ஸ் எடுக்குற வேலை இல்ல பாருங்க."

பீட்டர்ராஜ் தலையாட்டினார். பதினாலு நாள் குடம் தூக்கிய அலுப்பு மொத்தமும் அப்போதுதான் காலில் இறங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுப்படியில் இன்னாசியம்மாள் அவர் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"ராத்திரிக்கு நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் மாவு எடுத்து வச்சாப் போதும்ல?"

"போதும்" என்றார்.