வைத்தியலிங்கம் சாவு, பதின்மூன்று வாரம்

எங்கள் ஊரில் சந்தேகச் சாவுகளை வானொலி நிலையத்தார்தான் விசாரிப்பார்கள். டாக்டர் சான்றிதழில் 'சந்தேகம்' என்று எழுதிவிட்டால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நாடகம் தொடங்கிவிடும். பதின்மூன்று வாரம் ஓடும். கடைசி வாரத்தில் யார் பெயர் வருகிறதோ அவரைத் திங்கட்கிழமை காலை ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அதுவரை செத்தவரை எடுக்கக் கூடாது.

என் மாமனார் வைத்தியலிங்கம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமலே செத்துப்போனார். வயது எழுபத்தெட்டு. டாக்டர் டம்ளரை முகர்ந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதிவிட்டார்.

மாமனாரை ஹாலில் ரேடியோவுக்குப் பக்கத்தில் ஈஸிசேரில் உட்கார வைத்தோம். சாப்பாடு போட வேண்டாம் என்பது ஒரு சௌகரியம். மற்றபடி உயிரோடு இருந்தபோது எப்படியோ அப்படித்தான். நாடகத்தில் தனக்குக் குரல் கொடுப்பவன் மூக்கால் பேசுகிறான் என்று வாரம் முழுக்கக் குறைபட்டுக்கொண்டிருப்பார்.

முதல் வாரத்திலேயே மருமகள் வந்துவிட்டாள். தமயந்தி என்று என் பெயரையே வைத்திருந்தார்கள். அவள் கதவை அறைந்து சாத்தினாள். பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அவள் சிரிக்கும்போதெல்லாம் பின்னால் வயலின் கீச்சிட்டது. என் ஜென்மத்தில் நான் அப்படிச் சிரித்ததில்லை.

நாடகம் கேட்கத் தெருவிலிருந்து நாற்பது பேர் எங்கள் ஹாலுக்கே வந்தார்கள். வீடு தேடி வந்தவர்களுக்குக் காபி கொடுக்காமல் இருக்க முடியுமா? ஒவ்வொரு டம்ளரிலும் நான் ஒரு வாய் குடித்துக் காட்டிய பிறகுதான் வாங்கிக்கொண்டார்கள். ஞாயிறுதோறும் நாற்பது வாய். எனக்குத் தூக்கமே போயிற்று.

ஆறாம் வாரம் பொறுக்க முடியாமல் மாமனாரிடமே கேட்டேன்.

"மாமா, நீங்க எப்படித்தான் செத்தீங்க? நாலு பேர் முன்னால சொல்லித் தொலைங்களேன்."

"இப்பவே சொல்லிட்டா அப்புறம் எவன் கேப்பான்? பேசாம இரும்மா, விளம்பரம் முடியப்போகுது."

என் கணவர் ஞானசேகரன் அவருக்கு ஒரே பிள்ளை. பன்னிரண்டாம் வாரம் முடிந்ததும் பரணிலிருந்து சூட்கேஸை இறக்கித் துடைத்து வைத்தார்.

"எதுக்குங்க இது?"

"எதுக்கும் இருக்கட்டும். அந்தப் பச்சைப் புடவையையும் எடுத்து வெச்சுக்க. உனக்கு நல்லா இருக்கும்."

அவரோடு பேசிப் பிரயோஜனம் இல்லை. கடைசி ஞாயிறு காலை நானே நிலையத்துக்குப் போனேன். நாடகம் எழுதுகிற சுலோசனா அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. எங்க தமயந்திக்குத் தொண்டை கட்டிப்போச்சு. நீங்களே பேசிடுங்க."

"நான் கொல்லலைங்க."

"முந்நூறு கார்டு வந்திருக்கும்மா. முந்நூறும் மருமகள்னுதான் சொல்லுது. நேயர்களை மீறி நான் என்ன பண்ணட்டும்?"

தாள்களைக் கையில் திணித்து ஒலிபரப்பு அறைக்குள் அனுப்பிவிட்டாள். அங்கே தரையில், ஒரு சின்னக் கதவுக்கும் பாத்திரங்களுக்கும் நடுவில், சத்தங்கள் எழுப்புகிற ஜெபராஜ் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லி.

"மன்னிச்சுக்குங்கம்மா, கதவை அவ்வளவு வேகமா அறையச் சொன்னாங்க" என்றார்.

இந்தப் பன்னிரண்டு வாரத்தில் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அவர் ஒருவர்தான்.

மூன்று மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லா வசனத்தையும் ஒழுங்காகவே படித்தேன். கடைசிப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் கேட்டார்: "வைத்தியலிங்கத்தைக் கொன்றது யார்?" அதற்குக் கீழே என் வசனம் ஒரே வார்த்தை: 'நான்தான்.'

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுலோசனா அம்மாள் கையை ஆட்டினாள், தலையில் அடித்துக்கொண்டாள். ஒலிபரப்பில் பத்து விநாடிக்கு மேல் மௌனம் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. ஏழு. எட்டு. சத்தம் இல்லாத இடத்தில் சத்தம் போடுவதற்காகவே சம்பளம் வாங்குகிறவர் ஜெபராஜ். ஒன்பதாவது விநாடியில் அவரால் தாங்க முடியவில்லை.

"நான்தான்" என்றார்.

மறுநாள் காலை ஜீப் வந்தது. ஒரு டிரங்குப் பெட்டியோடு ஜெபராஜ் இறங்கினார். கூட வந்த அதிகாரி ஃபைலைத் திறந்தார்.

"இது குடும்ப நாடகம். கொன்னவர் குடும்பத்துல ஒருத்தரா இருந்தாகணும். என்ன உறவுன்னு எழுதட்டும்?"

"மூத்த பிள்ளைன்னு போடுங்க" என்றார் மாமனார், ஈஸிசேரிலிருந்து.

"அப்ப நான் யாருப்பா?" என்றார் என் கணவர்.

"நீ ரெண்டாவது. கையெழுத்தைப் போடு."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போட்டார். நாடகம் முடிந்துவிட்டதால் அன்றைக்கே மாமனாரை எடுத்தோம். மூத்த பிள்ளை கொள்ளி வைக்கும்வரை ஜீப் காத்திருக்கலாம் என்று அதிகாரி அனுமதித்தார். வீட்டிலிருந்தால் வருகிறவர்களுக்குக் காபி போடச் சொல்வார்கள் என்று நானும் சுடுகாட்டுக்குப் போனேன்.

ஜெபராஜ் கொள்ளி வைத்தார். தீ மூளவில்லை. மூன்று முறை வைத்துப் பார்த்தார். பிறகு நாடகத்தில் தீ எரிகிற சத்தத்துக்காகக் கசக்கும் கண்ணாடித்தாள்களைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, கட்டைகளுக்குப் பக்கத்தில் குனிந்து கசக்கினார். சடசடவென்று பற்றிக்கொண்டது. கசக்குவதை நிறுத்தினால் அணையப் பார்த்தது.

முழுதாக எரிய மூன்று மணி நேரம் ஆகும் என்றார் வெட்டியான். ஜெபராஜின் விரல்கள் அதற்குள் சிவந்துவிட்டன. நான் அவரிடமிருந்து ஒரு தாளை வாங்கிக்கொண்டு மறுபக்கம் போய் உட்கார்ந்தேன்.