ஏகாதசியன்று நாற்பது வால்வுகள்

எங்கள் கம்பெனியில் செய்வது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வால்வு. காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும். உள்ளே குறுகலான வழி ஒன்று இருக்கிறது. அதில் காற்று விரைந்து ஓடும்போது அழுத்தம் குறைந்து, என்ஜின் தருவதைவிடக் கூடுதலான வெற்றிடம் கிடைக்கும். காரின் பிரேக்கை இலகுவாக்குவது அந்த வெற்றிடம்தான். வால்வு கசிந்தால் பிரேக் மிதி கல்லாகிவிடும்.

நான் பி.எஸ்ஸி. இயற்பியல். அரியமங்கலத்தில் இருக்கும் அந்தக் கம்பெனியின் சோதனை மேசையில் இரண்டு வருடமாகத் தற்காலிக வேலை. ஒவ்வொரு வால்வையும் பம்பில் மாட்டி, வெற்றிடத்தைக் காட்டும் கேஜ் முள் ஒரு நிமிடம் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்து, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கெட்ட வால்வை மாட்டினால் அந்த நிமிடம் வீண். அதனால் முதலில் வாயில் வைத்து உறிஞ்சுவோம். நாக்கில் ஒட்டி நின்றால்தான் பம்புக்குப் போகும். யாரும் எழுதிவைத்த முறை இல்லை. எல்லாரும் செய்வது.

வேலை நிரந்தரமாக வேண்டும் என்று அம்மா என்னை ஏகாதசி விரதம் இருக்கச் சொன்னாள். பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. அன்று வால்வையும் வாயில் வைப்பதில்லை என்று ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன்.

பக்கத்து மேசை ஜெஸிமா சிரித்தாள். "நோன்புல நான் வைக்கலையா? வச்சுட்டு எச்சியத் துப்பிடுவேன். உங்க சாமி பிளாஸ்டிக்கையுமாடி சாப்பாடுன்னு சொல்லும்?"

வால்வுகளை வாயில் வைக்காமல் உலர்ந்தபடியே மாட்டினேன். நாற்பதில் பதினொன்றுக்கு முள் இறங்கியது. வழக்கமாக வாயில் ஒட்டாமல் கழிவதே ஒன்றிரண்டுதான்; பம்பில் ஒன்றுகூட இறங்காது.

பம்ப் சரியாக இருந்தது. இறங்கிய ஒன்றை ஜெஸிமாவிடம் கொடுத்தேன். உறிஞ்சினாள். ஒட்டியது. அதையே பம்பில் மாட்டினேன். முள் அசையவில்லை. துடைத்து, ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம் காயவைத்து மறுபடி மாட்டினேன். இறங்கியது.

கசிவை அடைத்துக்கொண்டிருந்தது எங்கள் எச்சில். வால்வை வார்க்கும் அச்சு தேய்ந்து, வால்வின் விளிம்பில் பிசிறு விழுந்திருந்தது. எப்போதிலிருந்து என்று தெரியாது.

சூப்பர்வைசர் பெனடிக்ட் வாசலில், முந்தின நாள்வரை பாஸ் ஆன வால்வுப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்றேன். அவர் திரும்பட்டும் என்று காத்திருந்தேன். கடைசிப் பெட்டியும் ஏறியது.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? பசியா?"

சொன்னேன்.

"காதுல விழல. சத்தமாச் சொல்லு."

மறுபடி சொன்னேன். லாரி கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"நீதானம்மா பாஸ் போட்ட?"

"ஆமாண்ணே."

அவர் என்னை முதலாளி பீமராவ் சாரிடம் அழைத்துப் போனார். சார் பொறுமையாகக் கேட்டார். கசிந்த வால்வை வாங்கி, வாயில் வைத்து உறிஞ்சினார்.

"நிக்குதேம்மா."

"எச்சில் பட்டா நிக்கும் சார். காஞ்சா விட்டுடும்."

"சரி. இதுவரைக்கும் போனதுல எது கசியும்னு சொல்ல முடியுமா?"

"முடியாது சார். எல்லாத்தையும் திருப்பி வாங்கி, காயவச்சு..."

"எந்த மாசத்துலேர்ந்து?"

"தெரியல சார்."

"தெரியாததை கார் கம்பெனிக்கு லெட்டர்ல எப்படிம்மா எழுதறது?" அவர் குரலில் கோபமே இல்லை. "இனிமே யாரும் வாயில வைக்காதீங்க. போய் வேலையப் பாரு."

பெட்டிகளில் ஒட்டும் சீட்டில் கார் கம்பெனியின் ஃபோன் எண் இருந்தது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"கேக்கலைங்க. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க."

முடிந்தவரை சத்தமாகச் சொன்னேன்.

"ரிப்போர்ட்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு? கீழ தேவதர்ஷினின்னு கையெழுத்துகூட இருக்கே. நீங்க யாரு?"

"தேவதர்ஷினி."

"உங்க எம்.டி.ய லெட்டர் அனுப்பச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் அச்சை மாற்றினார்கள். ஏற்கெனவே போன வால்வுகள் எதுவும் திரும்பி வரவில்லை. அதே வாரம் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. பீமராவ் சார் கையாலேயே கொடுத்தார். ரிப்போர்ட்டுகளில் போடும் அதே கையெழுத்தைப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

"பெருமாள் கைவிடல, பாத்தியா?" என்று அம்மா சர்க்கரைப் பொங்கல் செய்தாள். சாப்பிட்டேன்.

மாலையில் காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்து போகும். முன்னால் புது கார் ஏதாவது பிரேக் போட்டு, சிவப்பு விளக்கு எரிந்தால், என் வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்துகிறது. கார் நின்ற பிறகும் எடுக்க முடிவதில்லை.