அறுபது டிகிரிப் பொய்

அந்த ஊரின் ஒரே பேருந்தின் எஞ்சின், அதை ஓட்டியவளின் கணவன் பொய் சொன்னால் சூடாகும். இதைக் கண்டுபிடித்தவர் பணிமனை மெக்கானிக். கண்டுபிடித்ததில் அவருக்குச் சந்தோஷம் இல்லை. அந்த ஆளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஓட்டுநருக்கும் ஆகாதுதான், ஆனால் அவள் அவனைக் கட்டிக்கொண்டு பதினாறு வருடம் ஆகியிருந்தது.

அதற்கு முன்பு குளிர்காலத்தில் அவள் பட்ட பாடு நாய் படாது. டாங்கியில் டீசல் மெழுகாக உறைந்துவிடும். எஞ்சின் ஆயில் பாகுபோல இறுகி, சாவியைத் திருப்பினால் பேட்டரி ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கும். மாலையிலேயே ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, பானெட்டின் மேல் இரண்டு பஞ்சு ரஜாய்களைப் போர்த்தி, விடியுமுன் எழுந்து ஆயில் தொட்டிக்கு அடியில் கரி அடுப்பை வைத்து, நான்கு வாளி வெந்நீரைச் சுமந்து ஊற்றுவாள். கணவன் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்று யோசனை சொல்வான். வாயால் வடை சுடுவதைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது. மூன்று இடங்களில் வேலை போயிருந்தது. மூன்றும் பொறாமைக்காரர்கள் செய்த வேலை என்பான்.

ஒரு நாள் கரி நனைந்து பற்றவில்லை. காத்திருந்த பயணிகளிடம் அவன், தான் கப்பலில் தலைமை எஞ்சினியராக இருந்தபோது பனிக்கடலில் உறைந்துபோன எஞ்சினை ஒற்றைக் கையால் சுழற்றிக் கிளப்பிய கதையை அவிழ்த்துவிட்டான். கடலை அவன் காலண்டரில்தான் பார்த்திருந்தான். கேப்டன் அவன் காலில் விழுந்த கட்டத்தில் வெப்பமானியின் முள் எழுபதைத் தொட்டது. ரஜாயில் தீய்ந்த வாடை வந்தது.

மெக்கானிக் பத்து நாள் சோதித்துக் குறித்துக்கொண்டார். சின்னப் புளுகுக்குப் பதினைந்து டிகிரி, பழைய காதலிகளுக்கு நாற்பது, வீரச்செயலுக்கு எழுபது. காகிதம் என்று ஒன்றை நீட்டினால் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு ஒன்றும் அறியாத மேனேஜர் இதிலும் போட்டார். கணவனுக்குச் ‘சூடேற்றுநர்’ என்ற பதவியும், சீருடையும், பித்தளை வில்லையும், பேருந்தின் முன்னால் போட்டுக்கொள்ள ஒரு நாற்காலியும் கிடைத்தன. கரி அடுப்பைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

நான்கு குளிர்காலம் பேருந்து ஒரு நாளும் தாமதிக்கவில்லை. அவளுடைய மணிக்கட்டு வலிகூடப் போய்விட்டது. ஆனால் தினமும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தப் புளுகுகளைக் கேட்கும்போது அவளுக்கு வாய் கசந்தது. முன்பு அவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது எழுந்து இடம் விட்டார்கள். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. வீட்டில் உப்பு, சோப்பு என்று தேவையானவற்றைத் தவிர அவனிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். இதற்கு உறைந்த டீசலே தேவலாம் என்று நினைத்தாள்.

ஐந்தாம் குளிர்காலத்தில் அவன் கெட்டுப்போனான். அதாவது, அவன் அளந்தவை நிஜமாகிவிட்டன. “நான் இல்லன்னா இந்த வண்டி ஒரு அடி நகராது” என்றான். அது உண்மை, முள் அசையவில்லை. மேனேஜரே தன்னைக் கேட்டுத்தான் நேரம் குறிக்கிறார் என்றான். அதுவும் உண்மை. பழைய கப்பல் கதையையாவது எடுத்துவிடும்படி பயணிகள் கெஞ்சினார்கள். பதவியில் இருப்பவன் அப்படியெல்லாம் பேசலாமா என்று கேட்டு, வில்லையைத் துடைத்துக்கொண்டான். இரண்டு நாள் பேருந்து ஓடவில்லை.

மூன்றாம் நாள் காலையில், அந்த வருடத்தின் கடுங்குளிரில், மெக்கானிக்கின் மனைவிக்கு ஒரு மாதம் முன்னதாகவே வலி கண்டது. அவளைத் தூக்கிவந்து பின் இருக்கையில் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். வேறு வண்டி கிடையாது. பயணிகள் ஆளுக்கொரு பொய் சொல்லிப் பார்த்தார்கள். அன்றைய அவசரத்தில் எஞ்சின் அவற்றுக்கும் லேசாகச் சூடானது. ஒருத்தர் தன் மாமியார் தங்கமானவள் என்றார், ஐந்து டிகிரி. அடுத்த மாதம் புதுப் பேருந்து வந்துவிடும் என்று மேனேஜர் சொன்னபோது முள் இருபதுக்கு வந்து நின்றது. கிளம்ப நாற்பது டிகிரியாவது வேண்டும்.

மெக்கானிக், தான் வாழ்நாளெல்லாம் எள்ளி நகையாடிய மனிதனின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார்.

“அண்ணே, ஒரே ஒரு பொய் சொல்லுங்கண்ணே.”

அவன் வாயைத் திறந்தான். நாக்கு எழவில்லை. பின்னாலிருந்து அந்தப் பெண் வலியில் கத்தினாள். அவன் பெரிய மனிதனாகவே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்போது ஓட்டுநர், திரும்பாமல், அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்கிற குரலில் சொன்னாள்:

“உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு நான் ஒரு நாள்கூட வருத்தப்பட்டதில்ல.”

முள் தொண்ணூறுக்குத் தாவியது. முன் கண்ணாடியில் படிந்திருந்த பனி பாளமாகக் கழன்று விழுந்தது. ரேடியேட்டர் மூடி விசிலடித்தது. அவள் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பயணிகள் அவனைப் பார்த்தார்கள்; பிறகு அவசரமாக வேறு பக்கம் பார்த்தார்கள். அவன் எழுந்து நாற்காலியை ஓரமாக இழுத்து வழிவிட்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போன கால் மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. மெக்கானிக் நன்றியோடு இருந்தார். அது ஆறு வாரம் நீடித்தது.

மாலையில் வீடு திரும்பியவள் சண்டைக்குத் தயாராக வந்தாள். இருபது வருடத்துக்கும் சேர்த்துப் பதில்கள் வைத்திருந்தாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் வாய் மூடியிருந்த மாலையை அவள் அதுவரை கண்டதில்லை. வீடு அவளுக்குப் பழக்கமில்லாத இடம்போல இருந்தது.

மறுநாள் காலை அவள் மறுபடியும் அதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டியிருக்குமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கையில் ஏறினாள். அவன் வந்தான். நாற்காலியில் உட்காரவில்லை. பானெட்டின் மேல் கையை வைத்து, கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்தான்.

“நேத்து நீ சொன்னதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல.”

முள் மெல்ல எழுந்து அறுபதில் நின்றது. அவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வண்டியைக் கிளப்பினாள்.

அதன்பின் அவன் கப்பலையும் காதலிகளையும் விட்டுவிட்டான். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்வான். பதினோரு குளிர்காலம் சொன்னான். ஒரு டிகிரிகூடக் குறையவில்லை. பயணிகள் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, பைகளை எடுத்துக்கொண்டு ஏறுவார்கள். ஆறு நாற்பதுக்குப் பேருந்து புறப்படும்.