ஸுபைர் நானா தந்த கார்

மல்வேர்னில் எங்கள் ரவுன்ஹவுஸ் வரிசைவீட்டின் வாசலில் மூன்று வருடமாக ஒரு கார் செத்துக் கிடந்தது. அறுபத்தாறாம் ஆண்டுக் கார், கப்பல் மாதிரி நீளம். "கிளாசிக்" என்பார் என் மனுசன் இராஜரட்ணம். ஓடாத காருக்குப் பட்டம் ஒரு கேடா என்று நான் கேட்பேன்.

தொண்ணூற்றேழு ஒக்டோபரில் குடியிருப்பு மனேஜ்மென்றிலிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் எடுக்காவிட்டால் அவர்களே இழுத்துக்கொண்டு போவார்களாம். அதே கிழமை, பழைய கார்கள் சேர்க்கும் வெள்ளைக்காரர் ஒருவர் கதவைத் தட்டி, இருக்கிறபடியே வாங்குகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக அனுப்பினோம். எனக்குத் தலையிடி தீர்ந்த மாதிரி இருந்தது. இவர்தான் மாட்டேன் என்று நின்றார்.

"திருத்தித்தான் தீருவன். ஓட வைச்சிட்டுத்தான் ஸுபைர் நானான்ரை முகத்திலை முழிப்பன்."

"மூண்டு வருசமா உதைத்தானே சொல்லுறியள்? ஒரு நட்டைக் கழட்டினியளோ?"

முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள். ஸுபைர் நானா, எண்பத்தொன்பதில் நாங்கள் இருந்த அப்பாட்மென்றில் கீழ்மாடிக்காரர். மோர்னிங்சைட்டில் கராஜ் வைத்திருந்தார். எங்கள் மகள் அட்சயா ஏழாம் மாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த மாரிகாலம் அது. பாலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் மூன்று பஸ் மாறிப் போவேன். பச்சை உடம்புக்காரி பனிக்குள் நிற்பதை ஒருநாள் நானா கண்டுவிட்டார். அன்று பின்னேரமே, பார்த்துப் பார்த்து வைத்திருந்த தன் காரின் திறப்பைக் கொண்டுவந்து இவரின் கையில் வைத்தார். பதிவையும் இவர் பெயருக்கு மாற்றித் தந்தார். பிள்ளை வீட்டுக்கு வந்தாள். காரை அவர் ஒருநாளும் திருப்பிக் கேட்கவில்லை.

அந்தக் காரை நாங்கள் என்ன செய்தோம்? இஞ்சின் எண்ணெய் முடிந்து சிவப்பு லைற் எரிய எரிய, வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று 401 நெடுஞ்சாலையில் இவர் ஓட்டினார். இஞ்சின் இறுகிப்போயிற்று. அதற்குள் நானா குடும்பம் அஜக்ஸில் வீடு வாங்கிப் போயிருந்தது. கார் எப்படி என்று கேட்டுவிடுவாரே என்ற வெட்கத்தில் போன் எடுப்பதையே விட்டுவிட்டோம். அவருடைய மகன் இஹ்லாஸின் கலியாணத்துக்குக்கூடப் போகவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னோம். அந்த வெட்கக்கேடு இரண்டு வருடமாக என் நெஞ்சுக்குள் கிடந்தது.

சனிக்கிழமை காலை இவர் மறுபடியும் "திருத்துவன்" என்று தொடங்கினார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "நன்றி கெட்ட சனம் எண்டு அவையள் எப்பவோ முடிவெடுத்திருப்பினம். இனி என்ன மறைப்பு?" என்று கத்திவிட்டு அஜக்ஸ் நம்பரை அடித்தேன். நானாவின் மனைவி றசீனா அக்கா எடுத்தார்.

"அக்கா, நான் மலர். காரை நாங்கள் நாசமாக்கிப் போட்டம். மூண்டு வருசமா ஓடேல்லை. இப்ப ஒருத்தர் விலைக்குக் கேக்கிறார். உங்களைக் கேளாமல் விக்க மனம் வரேல்லை."

"இதுக்காகவா கலியாணத்துக்கு வரல்ல?"

"ஓம்."

"புள்ளைக்குக் காச்சல் எண்டு சொன்னீங்க."

"பொய் அக்கா."

அக்கா சொன்னார்: "அண்டைக்குப் பூரா எனக்கு நிம்மதியில்ல மலர். பொறந்த நேரமே அவ்வளவு கஷ்டப்பட்ட புள்ள. அடுத்த நாள் எத்தின தரம் போன் அடிச்சன், நீங்க எடுக்கல்ல. கலியாண வீட்டில உங்கட பேரில ஒரு சஹன் வச்சிருந்தம். கடைசி மட்டும் ஒருத்தரையும் அதில இருக்க விடல்ல."

சஹன் என்பது முஸ்லிம் வீடுகளில் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. கலியாண மண்டபத்தில் அந்தச் சாப்பாடு தொடப்படாமல் ஆறிக்கிடந்ததை நினைத்து, போனைப் பிடித்தபடியே அழுதேன். இவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

ஞாயிறு பத்து மணிக்கெல்லாம் நானா தன் வானில் வந்து இறங்கினார். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நானா காரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"புள்ள எங்க?"

அட்சயா ஓடிவந்து, "ஹாய் அங்கிள்" என்றாள். எட்டு வயது, முன்பல் இரண்டு இல்லை. அவளுடைய தலையைத் தடவி, மேலும் கீழும் பார்த்தார். அதற்குப் பிறகுதான் காரின் பொனற்றைத் திறந்தார். நெடுநேரம் எட்டிப் பார்த்துவிட்டு, "வித்துப்போடுங்க" என்றார்.

"நானா, உங்கடை காரை எப்பிடி நான்..." என்று இவர் இழுத்தார்.

"இந்தப் புள்ளய வீட்ட கொண்டுவரத்தான் குடுத்தன். கொண்டுவந்திட்டீங்க. கார்ட வேல அண்டைக்கே முடிஞ்சிது ராசா. நீங்க ரெண்டு பேரும் வராததுதான் எனக்குக் கவல."

இவர் நானாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இருபது வருடம் கூட வாழ்ந்திருக்கிறேன், இவர் அழுது அன்றைக்குத்தான் கண்டேன்.

வெள்ளைக்காரர் வந்ததும் நானாவே பேரம் பேசினார். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவு கறார். கார் இழுபட்டுப் போனபோது, அதைத் திட்டாத நாளில்லாத நானே அது தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏறுங்க" என்று வான் கதவைத் திறந்தார் நானா. "றசீனா விடியவே அடுப்புப் பத்த வச்சிட்டா."

அஜக்ஸில் பெண்கள் நாங்கள் மூவரும் ஒரே தட்டைச் சுற்றியிருந்தோம். எட்டு வருடமாகச் சொல்லாத நன்றியைச் சொல்ல வாயைத் திறந்தேன். றசீனா அக்கா ஒரு பெரிய இறைச்சித் துண்டை அட்சயாவின் பக்கம் தள்ளிவிட்டு, "கதைக்காமச் சாப்பிடுங்க, ஆறுது" என்றார். அழுதுகொண்டே சாப்பிட்டேன்.